சித்ராவும் சிட்ராவும்

எங்கள் ஊர் பனியன் கம்பெனியில் புதிதாக ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்தால் வரவேற்பு வைபவம் மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும்.

"எந்த ஊரு தம்பி?"

"செஞ்சிப் பக்கம்ணே."

"சாப்ட்டியா? செரி, அந்த ஓவர்லாக் அண்ணன் பக்கத்துல நின்னுக்க. அவரு தெச்சுப் போடப் போட எடுத்து அடுக்கோணும்."

பையன் கைமடி ஆகிவிட்டான். பதினோரு மணிக்கு டீ வாங்கி வரச்சொல்லி அவன் கையில் தூக்குப்போசியைக் கொடுத்துவிட்டார்கள் என்றால் வேலை நிரந்தரம் என்று அர்த்தம்.

ஆபீஸ் என்றால் இன்னும் கொஞ்சம் நாகரிகம். மேனேஜரே கூட்டிப்போய் மேஜை மேஜையாக அறிமுகம் செய்வார். இருபத்திரண்டு பேரோடு கை குலுக்கி, இருபத்திரண்டு பெயர் கேட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால் இரண்டே இரண்டு பெயர்தான் ஞாபகம் இருக்கும். ஒன்று சம்பளம் போடுகிறவர். இன்னொன்று... (இளைஞர்களே, நீங்களே பூர்த்தி செய்துகொள்ளுங்கள்.)

சரி, ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு புது விஞ்ஞானி வந்து சேர்ந்தால்?

இந்தச் சந்தேகம் எனக்கு வரக் காரணம் எங்கள் தெருப் பையன். பயோமெடிக்கல் இஞ்சினீயரிங் படித்தான். மேல்படிப்பும் முடித்தான். வெளியூரில் ஒரு ஆராய்ச்சிக் குழுவில் இடம் கிடைத்துக் கிளம்பினான். அவன் அம்மா முப்பது வருஷம் செக்கிங்கில் இருந்தவர். ஒரு ஓட்டை, ஒரு எண்ணெய்க் கறை அவர் கண்ணில் தப்ப முடியாது. ஆனால் பையனின் படிப்பு மட்டும் அவருக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

"டாக்டருக்கும் இஞ்சினீருக்கும் நடுவால ஏதோ ஒண்ணாமுங்க. கம்பவுண்டர் மாதிரிங்களா?" என்று என்னிடம் கேட்டார். நான் பி.காம். எனக்குத் தெரிந்த நடுவு, பற்றுக்கும் வரவுக்கும் நடுவில் இருக்கிற கோடு. "அதவிடப் பெருசுங்க" என்று சொல்லி வைத்தேன். அது சரியான பதில்தான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஒரு வாரம் கழித்துப் பையன் போன் செய்தான். எப்படி மாப்ளே வரவேற்பு என்றேன். மேஜை கொடுத்தார்களாம். பாஸ்வேர்டு கொடுத்தார்களாம். அமிலம் கொட்டினால் என்ன செய்வது என்று பதினான்கு இடத்தில் கையெழுத்து வாங்கினார்களாம். அதெல்லாம் முடிந்த பிறகு ரிட்டயர் ஆகப்போகிற ஒரு டெக்னீஷியன் அவனை ஒரு இரும்பு பீரோ முன்னால் நிறுத்தித் திறந்து காட்டினாராம். உள்ளே தட்டுத் தட்டாக உடைந்த சாமான்கள். விரிசல் விட்ட பிளாஸ்டிக், வளைந்த கம்பி, நிறம் மாறிய ரப்பர் குழாய்.

"இதெல்லாம் நாங்க பண்ணி ஒடஞ்சது தம்பி. ஒவ்வொண்ணும் ஏன் ஒடஞ்சுதுன்னு சீட்டு கட்டியிருக்கு. மொதல்ல இதப் படிச்சு முடி. அப்பறம் புதுசா ஒடைக்கலாம்."

பையனுக்கு ஏமாற்றம். மைக்ராஸ்கோப் தருவார்கள் என்று எதிர்பார்த்திருக்கிறான். ஆனால் எனக்கு அந்த பீரோ சமாசாரம் மிகவும் பிடித்துப்போய்விட்டது. ஏனென்றால் நம் நாட்டு பயோமெடிக்கல் சரித்திரத்தின் நல்ல கதை ஒன்று இப்படி ஒரு உடைந்த சாமான் பீரோவில்தான் ஆரம்பிக்கிறது.

திருவனந்தபுரத்தில் சித்ரா என்று சொன்னால் சினிமாப் பாட்டுப் பாடுகிறவரை மட்டும் நினைக்கமாட்டார்கள். ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் என்ற நீளப் பெயருக்கும் அங்கே செல்லப்பெயர் சித்ராதான். 1973ல் திருவாங்கூர் ராஜ குடும்பம் ஒரு கட்டடத்தைக் கொடுத்தது. 1980ல் பார்லிமெண்டில் சட்டம் போட்டு தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆக்கினார்கள். அதைக் கட்டி எழுப்பியவர் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் என்கிற இதய அறுவை நிபுணர். 1934ல் மாவேலிக்கரையில் பிறந்தவர், 2024 ஜூலையில் காலமானார். அமெரிக்காவில் இதய அறுவை பயின்று திரும்பியவர்.

இங்கே வந்து பார்த்தால் அவருக்கு ஒரு கணக்கு உதைத்தது. அந்த நாடுகளில் இதய வால்வு மாற்றிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் வயசானவர்கள். நம் ஊரில் வரிசையில் நின்றவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கல்யாணமாகிற வயசுப் பெண்களும். சின்ன வயசில் தொண்டையில் வரும் ஒரு கிருமித் தொற்றைச் சரியாகக் கவனிக்காமல் விட்டால் பின்னால் ருமாட்டிக் காய்ச்சல் வருகிறது. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் சொந்தப் படையே இதயத்தின் வால்வைப் போய்த் தாக்கிவிடுகிறது. நெரிசலான வீடு, ஏழை வீடு என்றால் ஆபத்து ஜாஸ்தி. வால்வு வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். நிலத்தை விற்றுத்தான் வாங்கவேண்டும். நிலம் இல்லாதவன்?

நாமே செய்வோம் என்று முடிவெடுத்தார்கள். இடம் பூஜப்புராவில் இருக்கிற சாட்டல்மோண்ட் அரண்மனை. ஒரு காலத்தில் மகாராணி இருந்த இடத்தில் லேத் மெஷினும் ரசாயன பாட்டில்களும் ஆட்டுக் கொட்டகையும் வந்தன. அங்கே சேர்ந்த புது ஆட்களைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ஒருவர் உலோகம் படித்தவர், ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். ஒருவர் டாக்டர், ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. ஒருவர் பாலிமர் ரசாயனம். ஒருவர் கால்நடை மருத்துவர். இவர்கள் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேச வேண்டும். பாஷை தமிழா மலையாளமா என்பது பிரச்னையே இல்லை. 'ஃபெயிலியர்' என்று ஒருவர் சொன்னால் இஞ்சினீயர், கம்பி உடைந்தது என்று நினைப்பார். டாக்டர், இதயம் களைத்துப் போனது என்று நினைப்பார். 'கல்ச்சர்' என்றால் நுண்ணுயிர்க்காரர் தட்டில் வளரும் பாக்டீரியாவைச் சொல்வார். நிர்வாக ஆபீசர், ஆண்டு விழாவில் பரத நாட்டியம் என்று புரிந்துகொள்வார். இந்தக் குழப்பம் தீரவே ஆறு மாசம் ஆகும். அதனால்தான் சொல்கிறேன், இந்த மாதிரிக் குழுவில் புது ஆளை வரவேற்பது என்றால் பூங்கொத்து கொடுப்பதல்ல. லேத் பக்கம் இருப்பவரை ஆபரேஷன் தியேட்டருக்கும், தியேட்டரில் இருப்பவரை லேத்துக்கும் கையைப் பிடித்து இழுத்துப் போவதுதான்.

இனி அந்த பீரோ. சித்ரா வால்வு என்பது ஒரு உலோகக் கூடு, அதற்குள் சாய்ந்து சாய்ந்து திறந்து மூடும் ஒரு வட்டு. பார்த்தால் சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கும். 1970களின் பின்பாதியில் ஆரம்பித்தார்கள். ஜி.எஸ். புவனேஸ்வர் போன்ற இஞ்சினீயர்கள் இதற்கு ஆயுளின் நல்ல பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு மாதிரியில் பற்றவைத்த இடம் விட்டுப்போனது. இன்னொன்றில் உலோகம் தேய்ந்தது. அடுத்ததில் வட்டுக்குச் செயற்கை நீலக்கல் போட்டுப் பார்த்தார்கள். வைரத்துக்கு அடுத்தபடியாகக் கடினம், தேயவே தேயாது. மெஷின் சோதனையில் பிரமாதமாகத் தேறியது. ஆட்டின் இதயத்தில் பொருத்தினார்கள். கொஞ்ச நாள் கழித்து ஒரு ஆடு செத்துப்போனது. திறந்து பார்த்தால் நீலக்கல் உடைந்திருக்கிறது. (நீலம் எல்லோருக்கும் ஒத்துவராது என்று ஜோசியர்கள் சொல்வதை ஆட்டிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.)

மூன்று மாதிரி போச்சு. வருஷங்கள் போச்சு. கவர்மெண்ட் பணம் போச்சு. நம் ஆடிட்டர் யாராவது அங்கே இருந்திருந்தால் 'பலனற்ற செலவு' என்று சிவப்பு மையில் எழுதிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருப்பார். நானும் கணக்குப் படித்தவன்தான், அதனால் சொல்கிறேன். இந்த மாதிரி வேலையில் உடைந்த சாமானை நஷ்டக் கணக்கில் எழுதக்கூடாது. அது சரக்கு இருப்பு.

நான்காவது மாதிரியில் கடினத்தைத் தேடுவதை விட்டார்கள். கோபால்ட், குரோமியம் கலந்த உலோகத்தில் கூடு. வட்டுக்குப் பிளாஸ்டிக். பாலிஎத்திலீன்தான், நம் கேரி பேக் வம்சத்துக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் மூலக்கூறு சங்கிலி மிக மிக நீளமான ரகம், அடியைத் தாங்கும், உடையாது, சத்தமும் குறைவு. 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தினார்கள். பிறகு டி.டி.கே. நிறுவனம் தயாரிப்பை எடுத்துக்கொண்டது. ஆமாம், குக்கர்க்காரர்களேதான். விசில் அடிக்கிற வால்வும் அவர்களுடையது, அடிக்காத வால்வும் அவர்களுடையது. இறக்குமதி வால்வு விலையில் ஒரு பகுதிதான். இன்றைக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இதயங்களில் அது போய் உட்கார்ந்திருக்கிறது.

அது செய்கிற வேலையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன், பழக்க தோஷம். நிமிஷத்துக்கு 72 என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1,03,680 தடவை. வருஷத்துக்கு 3 கோடியே 78 லட்சம். ஞாயிற்றுக்கிழமை கிடையாது, தீபாவளி போனஸ் கிடையாது, கரண்ட் கட் கிடையாது. சர்வதேச விதிப்படி இப்போது இந்த மாதிரி வால்வை 40 கோடி தடவை திறந்து மூடிச் சோதிக்க வேண்டும். நிஜ இதய வேகத்தில் சோதித்தால் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும் என்பதால் அதைவிடப் பல மடங்கு வேகமாக அடிக்கிற மெஷினில் மாட்டி விடுகிறார்கள். அந்த மெஷின் பக்கத்தில் ராப்பகலாக உட்கார்ந்து ரீடிங் எடுப்பது யார் என்கிறீர்கள்? புதுசாகச் சேர்ந்த ஆள்தான். நம் ஊர் கைமடிக்கும் அவருக்கும் படிப்பில்தான் வித்தியாசம்.

இத்தனை சொன்னதில் ஒரு பாகத்தை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். வால்வின் கூட்டைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். டாக்டர் ஊசி நூல் போட்டு வால்வை இதயத்தோடு தைக்க வேண்டுமே, உலோகத்தில் எப்படி ஊசி இறங்கும்? அதற்காக அந்த வளையம். என்ன பொருள் தெரியுமா? பாலியெஸ்டர் துணி.

துணி சார், துணி. 2024-25ல் சுமார் 40 ஆயிரம் கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, இதயத்துக்குள் துணி இருக்கிறது என்று படித்தவுடன் எனக்கு உட்கார இருப்புக்கொள்ளவில்லை. தோண்டிப் பார்த்ததில் இன்னும் சுவாரசியமான விஷயம் கிடைத்தது.

மைக்கேல் டிபேக்கி என்று ஒரு அமெரிக்க டாக்டர். லெபனானிலிருந்து குடியேறிய குடும்பம், சின்ன வயசில் அம்மாவிடம் தையல் கற்றுக்கொண்டவர். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி வீங்கி வெடித்துச் சாகிறவர்களைக் காப்பாற்ற, செயற்கைக் குழாய் ஒன்று வேண்டும் என்று 1950களில் அலைந்தார். ஹூஸ்டன் நகரத்தில் ஒரு பெரிய கடைக்குப் போய் நைலான் துணி கேட்டார். ஸ்டாக் இல்லை. "புதுசா டேக்ரான்னு ஒரு துணி வந்திருக்கு, பாக்கறீங்களா?" என்று எடுத்துப் போட்டார்கள். டேக்ரான் என்றால் பாலியெஸ்டர்தான். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து மனைவியின் தையல் மெஷினில் தானே வெட்டிக் குழாயாகத் தைத்தார். அது வேலை செய்தது. அந்த நைலான் அன்றைக்கு ஸ்டாக் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. நைலான் உடம்புக்குள் நாளடைவில் பலம் இழந்துவிடும் என்று பிற்பாடு தெரிந்தது.

ஆனால் தைத்த குழாயில் நீளவாட்டில் தையல் ஓடும். தையல் இருந்தால் பலவீனம். இரண்டாகப் பிரிகிற குழாயை, அதாவது பேன்ட் மாதிரி ஒன்று இரண்டாகிற குழாயைத் தைப்பது இன்னும் கஷ்டம். அப்போது டிபேக்கியின் குழுவோடு சேர்ந்தவர் ஒரு டாக்டர் அல்ல, ரசாயன விஞ்ஞானியும் அல்ல. பிலடெல்பியா ஜவுளிக் கல்லூரியைச் சேர்ந்த தாமஸ் எட்மன். தையலே இல்லாமல் குழாயாகவே பின்னித் தள்ளுகிற ஒரு நிட்டிங் மெஷினை உருவாக்கிக் கொடுத்தார்.

அந்த ஆராய்ச்சிக் குழுவில் புது ஆளாக ஒரு நிட்டிங்காரர் உள்ளே நுழைந்ததை நான் மனசில் ஓட்டிப் பார்க்கிறேன். வெள்ளைக் கோட்டுக்காரர்கள் மத்தியில் நூல் பஞ்சு ஒட்டிய சட்டையோடு ஒருத்தர். யாராவது ஒருவர் முகத்தைச் சுளித்து, 'இவருக்கு என்ன வேலை இங்கே' என்று கேட்டிருந்தால் கதை முடிந்தது. டிபேக்கி அப்படிக் கேட்கவில்லை.

பின்னல் துணி ரத்தக்குழாய் ஆனதும் வந்த பிரச்னைகள் எல்லாம் நம் ஊர்க்காரர் யாருக்கும் விளக்கவே வேண்டாதவை. கண்ணி இடைவெளி வழியாக ரத்தம் கசியும். அதனால் நோயாளியின் ரத்தத்திலேயே முதலில் நனைத்து, உறைய வைத்து, துவாரத்தை அடைத்துவிட்டுப் பொருத்தினார்கள். பிறகு ஜெலட்டின், கொலாஜன் பூச்சு வந்தது. வளைத்தால் மடங்கி அடைபடும், அதற்காகக் கொசுவம் வைத்தமாதிரி சுருக்கம் கொடுத்தார்கள். நாள்பட நாள்பட விட்டம் பெருக்கும். நாலு மாசம் போட்ட பனியன் கழுத்து தொள தொள என்று ஆகுமே, அதே வியாதி. வெட்டிய ஓரத்தில் ஒரு கண்ணி விட்டால் ஏணி மாதிரி ஓடும். அதனால் நம் வட்ட மெஷின் பின்னலை விட்டு, நெடுக்கு நூலில் பின்னுகிற வார்ப் நிட்டிங்குக்குப் பலரும் மாறினார்கள். அதில் கண்ணி ஓடாது, பெருப்பதும் குறைவு. நெய்த துணிக் குழாய்களும் உண்டு. கசிவு குறைவு, ஆனால் விறைப்பு, ஊசி இறக்கக் கஷ்டம். நெசவா பின்னலா என்ற சண்டை நம் ஊர் டீக்கடையில் மட்டும் நடப்பதில்லை.

டிபேக்கிக்கு 97 வயசானபோது, 2005 கடைசியில், அவருடைய பெருந்தமனியே கிழிந்தது. அவர் பழக்கிவிட்ட டாக்டர்களே அவருக்கு ஆபரேஷன் செய்தார்கள். கிழிந்த இடத்தில் வைத்தது டேக்ரான் குழாய். பிழைத்து எழுந்து, 2008 வரை இருந்தார். இதற்கு மேல் ஒரு தயாரிப்பாளர் தன் சரக்குக்குக் கியாரண்டி கொடுக்க முடியாது.

அப்துல் கலாம் சொல்லும் ஒரு சம்பவமும் இதே வகைதான். ஹைதராபாத்தில் ஏவுகணைக்காகச் செய்த எடை குறைந்த ஒரு பொருளை எலும்பு டாக்டர் ஒருவர் கையில் தூக்கிப் பார்த்தார். உடனே கலாமைத் தன் ஆஸ்பத்திரி வார்டுக்கு அழைத்துப் போய், மூன்று கிலோவுக்கும் மேலான உலோகக் காலிப்பரை இழுத்து இழுத்து நடக்கும் குழந்தைகளைக் காட்டினார். ஏவுகணைக்காரர்கள் 300 கிராமில் செய்து கொடுத்தார்கள். கவனியுங்கள், அங்கே டாக்டர் செய்த ஒரே காரியம், புது ஆளை வார்டுக்குள் கூட்டிப் போனதுதான்.

இப்போது சித்ராவை விட்டு சிட்ராவுக்கு வருவோம். எழுத்துப் பிழை அல்ல. கோயமுத்தூர் அவினாசி ரோட்டில் ஏர்போர்ட்டுக்கு முன்னால் பஸ் கண்டக்டர் "சிட்ரா, சிட்ரா எறங்கு" என்று கத்துவார். 1956ல் ஆரம்பித்த தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம். நூல், துணி, மில் என்று இருந்த அந்த இடத்தில் மருத்துவத் துணிக்கென்று தனியாக ஒரு சிறப்பு மையம் இருக்கிறது. பஞ்சு பேண்டேஜிலிருந்து ஆபரேஷன் கவுன் வரை சோதிப்பது அவர்கள் வேலை. திருப்பூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள். ஆனால் 2020 மார்ச் வரைக்கும் நம் பனியன்காரர்களில் எத்தனை பேர் அந்த மருத்துவப் பகுதிக் கதவைத் தட்டியிருப்பார்கள்? ஷேடு சரியில்லை, சுருங்குகிறது என்று துணியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. ரத்தம் கசியுமா என்று கேட்டுப் போனவர்கள் அபூர்வம்.

கொரோனா வந்தது. மெஷின்கள் நின்றன. தலை முதல் கால் வரை மூடும் கவச உடை நம் நாட்டில் அந்தத் தரத்தில் ஏறத்தாழ யாருமே செய்யவில்லை. டாக்டர்களும் நர்ஸுகளும் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு நின்ற படங்களைப் பார்த்திருப்பீர்கள். நம் ஊர்க்காரர்கள், "அதென்னங்க பெரிய விசயம், நாமளே தெச்சுப்போடலாம்" என்று இறங்கினார்கள். தைத்தும் விட்டார்கள். ஆர்டர் வாங்க வேண்டுமானால் செயற்கை ரத்தச் சோதனையில் தேறிய சான்றிதழ் வேண்டும். நாட்டில் முதலில் அந்தச் சோதனைக்கு நியமித்த இடம் சிட்ரா.

நிஜ ரத்தத்தின் தன்மையோடு கலக்கிய சிவப்புத் திரவத்தைத் துணியின் ஒரு பக்கம் வைத்து அழுத்துவார்கள். மறுபக்கம் ஒரு பொட்டு சிவப்பு தெரிந்தால் அவுட். வந்த மாதிரிகள் நிறைய அவுட். துணி நன்றாகத்தான் இருந்தது, தையலில் கசிந்தது. ஊசி போட்ட ஒவ்வொரு குத்தும் ஒரு ஓட்டை. முப்பது வருஷம் கண்ணை மூடிக்கொண்டு பேட்லாக் அடித்த டைலருக்கு, தையல் என்பது துணியைச் சேர்க்கிற விஷயம். அன்றைக்குத்தான் அது வைரஸுக்கு வாசல் வைக்கிற விஷயமும் என்று தெரிந்தது. தையல் மேல் சூட்டுக் காற்றில் டேப் ஒட்டி மூடும் மெஷின் வேண்டும். அதைத் தேடி ஓடினார்கள், ஒட்டிப் பழகினார்கள், மறுபடி கொண்டுபோய்க் காட்டினார்கள். மே மாசத்தில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 4.5 லட்சம் கவச உடை தயாராகிறது என்று மத்திய அரசு சொன்னது. சீனாவுக்கு அடுத்தபடி நாம். மார்ச்சில் சைபர்.

அந்த இரண்டு மாசத்தில் ஆராய்ச்சிக்கூடத்து ஆளும் பனியன் கம்பெனி ஆளும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். கசிந்த மாதிரியை நடுவில் வைத்துக்கொண்டு, எங்கே கசிந்தது, ஏன் கசிந்தது என்று பேசினார்கள். தெருப் பையனின் பீரோதான் இதுவும். நோய் அடங்கியதும் கவச உடை ஆர்டர் நின்றது. பெரும்பாலானவர்கள் டி-ஷர்ட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். மேஜை காலி. அதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொரு வருத்தமும் உண்டு. சித்ரா வால்வு ஆரம்பித்ததிலிருந்து மனிதருக்குப் பொருத்தும் வரை ஒரு டஜன் வருஷம். இன்று புதிதாகச் சேருகிற எத்தனையோ பையன்களுக்கும் பெண்களுக்கும் கிடைப்பது 'திட்டப் பணி'. திட்டம் இரண்டு வருஷம், மூன்று வருஷம். திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. மார்ச் 31 வந்தால் நம் ஆபீஸில் ஸ்டேஷனரி வாங்கித் தள்ளுகிற அதே அவசரத்தில் அங்கே ரசாயனம் வாங்கித் தள்ளுகிறார்கள். உதவித்தொகை சில இடங்களில் மூன்று மாசம் சேர்ந்து வரும். முதல் மாதிரி உடையும்போது சேர்ந்த ஆள், நான்காவது மாதிரி தேறும்போது ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனியில் உட்கார்ந்திருப்பான். பீரோவில் சீட்டு இருக்கும். அதை எழுதினவன் இருக்க மாட்டான். சீட்டில் எழுத முடியாத விஷயம் பாதி அவன் கையோடு போய்விடும். நம் ஊரில் நல்ல பேட்லாக் டைலர் கம்பெனி மாறினால் ஓனர் வீட்டுக்கே போய்க் காலில் விழாத குறையாகக் கூப்பிடுவார். ஏனென்றால் அவர் போனால் என்ன போகும் என்று ஓனருக்குத் தெரியும். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிற பெரியவர்கள் ஒரு மாசம் திருப்பூர் வந்து டிரெய்னிங் எடுக்கலாம். தங்குவதற்கு நான் ரூம் பார்த்துத் தருகிறேன்.

தெருப் பையனுக்கு மூன்று வருஷ ஆர்டர். அவன் அம்மாவிடம் அதைச் சொன்னபோது, "மூணு வருசங்களா? எங்க செக்கிங்ல கெட்டபீஸ் எது, நல்லபீஸ் எதுன்னு கண்ணுக்குப் புடிபடவே ரெண்டு வருசம் ஆச்சுங்களே" என்றார்.

இதையெல்லாம் படித்த சூட்டில் நிட்டிங் வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் போனேன். பதினெட்டு மெஷின் ஓடுகிற இரைச்சலில் நின்றுகொண்டு அவர் காதில் கத்தினேன்: இதய வால்வில் துணி, ரத்தக்குழாய் முழுக்கத் துணி, அதையும் முதன்முதலில் மெஷின் கட்டிப் பின்னிக் கொடுத்தவர் ஒரு ஜவுளிக்காரர். பாதி காதில் விழுந்திருக்கும். அவர் கேட்ட முதல் கேள்வி:

"எத்தன டயாங்க?"

பெருந்தமனியின் விட்டம் சுமார் ஒரு இஞ்ச் என்றேன்.

"ஒரு இஞ்சா! நம்முளுது முப்பது இஞ்ச் மெசினுங்க. ஒரு இஞ்ச்ல கொழந்த சாக்ஸ்கூட ஓட்ட முடியாதுங்களே." ஓடுகிற மெஷினில் கையை வைத்துத் துணியை ஒரு தடவை தடவிப் பார்த்தார். எங்கேயோ நூல் அறுந்து ஒரு மெஷின் நின்றது. பையன் ஓடினான். நண்பர் அதைக் கவனிக்கவில்லை.

"யார்ன் என்ன கவுண்ட்டுங்க?"

தெரியாது, விசாரிக்கிறேன் என்றேன்.

"கெட்டுப்போன பீஸா இருந்தாலும் பரவால்லீங். சாம்பிள் ஒண்ணு வாங்கிக் குடுங்க, பிரிச்சுப் பாக்கறேன்."